அரளி வெட்டியவர்

சேரன்மாதேவிக்கு ரயில் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம். வண்டி வரத் தாமதம். பத்துத் தடவையாவது தண்டவாளத்தை எட்டிப் பார்த்திருப்பேன். தலைக்குமேல் வளர்ந்திருந்த ஸ்டேஷன் அரளியைத் தோட்டக்காரர் ஒருவர் இடுப்பளவுக்கு வெட்டிக்கொண்டிருந்தார். நரைத்த மீசை. ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் கணுவைத் தடவிப் பார்த்துக்கொள்வார்.

"இப்படி வெட்டுனா பட்டுப்போவாதா வே?" என்று கேட்டேன்.

"பழைய கொப்பு போனாத்தான் ஐயா புதுசுல பூக்கும்."

சற்றுக் கழித்து, "கையெல்லாம் அரளிப்பாலு, விசம். அந்தத் துண்டுல மடிச்ச வெத்தல இருக்கு. எடுத்து வாயில வச்சி விடுதீயளா?" என்றார்.

பிளாட்பாரத்தில் எல்லோரும் பார்த்தார்கள். விரல் அவர் உதட்டில் பட்டுவிடக் கூடாதென்று வெற்றிலையை மேலிருந்தே போட்டேன். அது வாய்க்குத் தப்பி, வெட்டிப்போட்ட கொப்புகளின்மேல் விழுந்தது.

"இருக்கட்டும் ஐயா" என்று அவர் வெட்டப் போய்விட்டார்.

வண்டி வந்தது. அவ்வளவு நேரம் எட்டியெட்டிப் பார்த்தவன், ஏறும்போது அவர் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.