வியாகுல மாதாவின் வசனம்

பெரியகுளத்தில் கல்லூரியில் படிக்கும் என் பேத்தி, போன வாரம் மேடையேறித் தானே எழுதிய கவிதையைச் சொன்னாள். ஒரு மனைவி புருஷனைப் பார்த்துப் பேசும் கவிதை. நாற்பத்தொரு வரிகள், முற்றுப்புள்ளி ஒன்றுகூட இல்லை. கல்யாணம் ஆகாதவளுக்கு இந்தப் பேச்சு எதற்கென்று எரிந்து விழுந்தேன். “அது நானில்ல தாத்தா. வேற ஒருத்தியா நின்னு பேசுறேன்” என்றாள். எனக்கு அத்தை ஞாபகம் வந்துவிட்டது.

சின்னமனூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கோவில் திடலில் பெரிய வெள்ளி மத்தியானம் ஏசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகம் நடக்கும். பெண்கள் மேடையேறக் கூடாது. இறந்த ஏசுவை மடியில் போட்டு அழும் மாதா வேடம் சித்தப்பாவுக்கு. எருசலேம் பெண்களாகச் சேலை கட்டிய எட்டுப் பையன்களில் நான் நான்காவது. மாதாவின் புலம்பலை, அதற்கு முந்தைய நாற்பது நாள் தபசுக்காலம் முழுவதும் சித்தப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவருடைய அக்காவான என் அத்தைதான். முந்தைய மழைக்காலத்தில் அவளுடைய ஒரே மகனை முல்லையாறு கொண்டுபோயிருந்தது. அவன் பேச்சையே வீட்டில் எடுக்கக் கூடாது என்று மாமா கட்டளை போட்டிருந்தார்.

அந்த வருடம் சித்தப்பா முந்தைய நாள் தோட்டத்தில் பழுக்காத பன்னீர்த் திராட்சையைக் கொத்துக் கொத்தாகத் தின்று தொண்டையைக் கெடுத்துக்கொண்டார். வேடம் போட்ட பிறகு காற்றுதான் வந்தது. சேலை கட்டிவிட வந்த அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“யக்கா, நீ உள்ளருந்து பேசு. நான் வாய மட்டும் அசைக்கிறேன்.”

“போடா கிறுக்கா! ஒன் மச்சான் காதுல விழுந்தா என்னைய வெட்டிப் போடுவாக.”

சத்தம் வரப்போவது வேப்பமரத்தில் கட்டிய கரகரத்த ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து, யார் பேசினால் யாருக்குத் தெரியும் என்று, நாடகத்தை நடத்தும் கோவில் உபதேசியாரே மைக்கைத் திரைக்குள் இழுத்துவிட்டார்.

தாளில் இருந்தவை பதினாறு வரிகள். அத்தை அவற்றை முடித்த பிறகும் நிறுத்தவில்லை.

“தல தொவட்ட விடமாட்டியே, ஓடிருவியே. இன்னைக்கு இம்புட்டு ஈரத்தோட அசையாமக் கெடக்கியே, ராசா…”

தாளில் இல்லாத வசனத்துக்கு வாயசைக்கத் தெரியாத சித்தப்பா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “ஏசுநாதர் எங்கனய்யா நனஞ்சாரு?” என்று உபதேசியார் தாளைப் புரட்டினார். திடலே அழுதது. எட்டுப் பேரும் நிஜமாகவே அழுதோம். ஆண்கள் பக்கம் மாமா துண்டில் முகம் புதைத்திருந்தார்.

பங்குச் சாமியார் சித்தப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தினார். மாமா வந்து அவர் கைகளைப் பற்றிக்கொண்டார். “மாப்ள, பெத்தவகூட இப்பிடிப் பேசமாட்டாடா!” பக்கத்தில் அத்தை சேலையை மடித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருடம் பெரிய வெள்ளி நெருங்கியதும் அத்தை தினமும் ஒரு கூடை காய்த் திராட்சையோடு வந்தாள்.

“தின்னுடா தம்பி. இன்னொரு கொத்து.”

“யக்கா, போன வருசம் பட்டது பத்தாதா?”

“அது பனியில தொண்ட கட்டுனதுடா. தின்னு.”

அவரும் தின்றார். தம்பி மேல் எவ்வளவு பாசம் என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சித்தப்பாவின் குரல் வெண்கல மணியாக ஒலித்தது. முதல் வரி முடிவதற்குள் அத்தை பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து, வெயிலில் தனியாக வீட்டுக்கு நடந்தாள். இவ்வளவு ஊட்டிவிட்டு, தம்பி நன்றாகப் பேசுவதை இருந்து கேட்காமல் போகிறாளே என்று, மேடையில் அழுதுகொண்டே எனக்கு அவள் மேல் கோபம் வந்தது.