நிறுத்தலாகாத நிரல்

புணேயை அடுத்த தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் நெடுநாள் அரசுப் பணி பார்த்து ஓய்வு பெற்றபின், ஔந்தில் இருந்த ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகள் அவை. சாகணில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஓர் ஆலையின் கணினி நிரல்களைப் பராமரிப்பது என் பொறுப்பு. அங்கே அனுப்புகைப் பிரிவில் நான் கண்டதை நினைத்தால் இன்றும் வாயில் கசப்பு ஊறுகிறது.

அப்பிரிவின் மேலாளர் தமிழர். ஞாயிறுதோறும் எங்கள் குடியிருப்பில் கூடும் பதிக ஓதலில் என் அருகே அமர்பவர். நெற்றி நிறையத் திருநீறு. கண்ணீர் மல்கப் பாடுவார். கேட்பவர் நெஞ்சம் இளகும். என் நெஞ்சமும் இளகியிருக்கிறது. அதனால்தான் இந்த அருவருப்பு இத்தனை ஆழமாகத் தங்கிவிட்டது போலும்.

தசராவுக்கு முந்தைய நாளைப் புணேயில் கண்டே நவமி என்பார்கள். ஆலைகளில் இயந்திரங்களுக்கு மஞ்சள் குங்குமம் இட்டுச் சாமந்தி மாலை சூட்டுவார்கள். நம் ஆயுத பூசைதான். மேலாளர் அதனோடு தம் சொந்த விரதம் ஒன்றையும் சேர்த்திருந்தார். பூசை முடிந்த கையோடு அனுப்புகை நிரலைத் தாமே தொடங்கிவைப்பார். அடுத்த கண்டே நவமி வரை அதை யாரும் நிறுத்தலாகாது. கணினியின்மேல் சாமி படம். அதன்கீழ், கை வைக்க வேண்டாம் என்று மராட்டியில் எழுதிய அட்டை. இயக்குநர்கள் வரும்போதெல்லாம், போன பூசையன்று தொடங்கியது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அதைக் காட்டிப் பெருமை கொள்வார்.

சரக்கு லாரியில் ஏறியதும் அதன் விவரத்தை வாங்குபவருடைய ஆலைக் கணினிக்கு அனுப்புவதே அந்நிரலின் வேலை. விவரம் போய்ச் சேர்ந்தால்தான் அங்கே லாரியை உள்ளே விடுவார்கள். பெறும் கணினியின் பெயரோடு விவரங்களைத் தட்டச்சு செய்தவள் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஓர் இளம்பெண். ஒப்பந்தத்தில் இருந்தாள், பணி நிரந்தரமாகும் வேளை நெருங்கியிருந்தது.

மாசி மாதத்தில் ஆலை தன் இணைய இணைப்பை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றியது. மறுநாள் காலை முதல் அவள் தட்டிய எதுவும் போய்ச் சேரவில்லை. பெறுநர் தவறு என்று பொருள்படும் ஓர் ஆங்கில வரி ஒவ்வொரு முறையும் திரையில் வந்து நின்றது. லாரிகள் வெயிலில் காத்துக் கிடந்தன. விரலில் மருதாணி இன்னும் காயவில்லையா என்று பிரிவின் எழுத்தர்கள் இந்தியில் கேட்டுச் சிரித்தார்கள். சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் ஒப்பந்தம் முடிந்ததாக வைத்துக்கொள்ளும்படி மேலாளர் அவளிடம் சொல்லிவிட்டார். அதன்பிறகே என்னை அழைத்தார். நிரலைப் பார்ப்பதற்காக அல்ல.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும் சார். மெஷின்ல குறையில்ல, கைப்பிசகுதான்னு. மேல கேக்கறாங்க."

அவள் இருக்கையை விட்டு எழாமலே என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஒவ்வொரு எழுத்தாப் பாத்துத்தானுங்க சார் அடிக்கறேன். நேத்து வரைக்கும் போன பேருதானுங்களே, இன்னைக்கு எப்படீங்க தப்பாகும்?"

அந்த அறையில் கேட்கத் தகுந்த ஒரே கேள்வி அதுதான். கேட்டவளையே குற்றவாளியாக்கி வைத்திருந்தார்கள்.

பார்க்கத் தொடங்கியதும் விடை தெரிந்துவிட்டது. ஒரு கணினியின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் திருப்பிச் சொல்லும் கணினி ஒன்று உண்டு, டிஎன்எஸ் என்பார்கள். இணைப்பு மாறியபோது அந்தக் கணினியும் மாறியது. புதியது எங்கே இருக்கிறது என்பதை அமைப்புக் கோப்பில் ஆலையின் நெட்வொர்க் ஆட்கள் ஒழுங்காகவே எழுதியிருந்தார்கள். சோதித்தும் பார்த்தார்கள், பெயரைக் கேட்டவுடன் எண் வந்தது. ஆனால் சோதனை நிரல் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குவது; தொடங்கும்போது கோப்பைப் படித்துக்கொள்ளும். அனுப்புகை நிரலோ கண்டே நவமியன்று ஒருமுறை படித்ததையே நினைவில் வைத்துக்கொண்டு, இனி விடையளிக்கப் போகாத பழைய கணினியிடமே விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. எந்தத் தோல்விக்கும் ஒரே வரியைக் காட்டும்படி அதை எழுதிய சோம்பேறி யாரோ, பழியை அந்தப் பெண்ணின் விரல்களுக்குத் திருப்பிவிட்டிருந்தார்.

நாங்கள் ஞாயிறுதோறும் ஓதிய பதிகங்களைப் பாடியவர்கள் ஊர் ஊராக நடந்தவர்கள். ஒவ்வோர் ஊரிலும் அந்த ஊரின் பெயரை, அதன் ஆற்றை, அதன் சோலையைக் கண்டு அங்கே நின்று புதிதாகப் பாடினார்கள். நேற்றைய ஊரின் பெயரை இன்றைய ஊரில் நின்று சொல்லவில்லை. அப்பதிகங்களை மனப்பாடமாக ஒப்பிக்கும் மனிதர் இந்த முடக்கத்துக்கு மாலை சூட்டி வைத்திருந்தார்.

நிரலை நிறுத்தி மீண்டும் தொடங்கினால் தீர்ந்தது, காத்திருக்கும் விவரங்கள் யாவும் கணினியின் சேமிப்பு வட்டில் பத்திரமாக இருக்கின்றன என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அதெப்படி சார்? சாமி முன்னாடி சங்கல்பம் பண்ணி ஆரம்பிச்சது. இவ ஒருத்திக்காக நிறுத்தறதா?"

சாக்கடையில் கால் வைத்தது போலிருந்தது எனக்கு. அவர் அறியாமையில் சொல்லவில்லை. குறை எங்கே என்று புரிந்துகொண்ட பிறகே சொன்னார்.

நிறுத்தாமலே தீர்க்கவும் ஒரு வழி இருந்தது. ஓடும் நிரலுக்குள் ஒரு கருவியின் துணையால் நுழைந்து, கோப்பை மறுபடி படிக்க வைக்கலாம். அதை அவரிடம் சொல்லியிருந்தால் என் கையைப் பற்றிக்கொண்டிருப்பார். ஓசையின்றி எல்லாம் சரியாகியிருக்கும். பெருமை சாமி படத்துக்கும், பழி அந்தப் பெண்ணுக்கும் நிலைத்திருக்கும். ஆகவே சொல்லவில்லை.

எழுத்தர்களைக் கணினியருகே கூப்பிட்டேன். காலையிலிருந்து அவள் தட்டிய விவரங்களைத் திரையில் காட்டி, இவற்றில் ஓர் எழுத்தையும் நான் தொடப்போவதில்லை என்று இந்தியில் சொன்னேன். பிறகு மேலாளர் பார்த்துக்கொண்டிருக்கவே நிரலை நிறுத்தித் தொடங்கினேன். தேங்கியவை ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. மருதாணியைப் பற்றிக் கேட்டவர்கள் மெல்ல நகர்ந்து தேநீர் குடிக்கப் போனார்கள். மேலாளர் கற்பூரம் கொண்டுவரச் சொன்னார், அபசகுனத்துக்குப் பரிகாரமாக. அவளைக் கடந்து போய்ப் படத்துக்கு ஏற்றிக் காட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வழக்கம்போல் வந்து பாடினார். குரல் சற்றும் குன்றவில்லை. அந்த இனிமை பொறுக்காமல் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். குற்றம் பாட்டினுடையதன்று என்று என்னை நானே தெளிவித்துக்கொண்டு மறுபடி அந்தப் பதிகத்தை வாய்விட்டு ஓத நெடுநாள் ஆயிற்று.

அமைப்புக் கோப்பு மாறியிருக்கிறதா என்று பார்த்து, மாறியிருந்தால் தானே மறுபடி படித்துக்கொள்ளும்படி பின்னர் நிரலைத் திருத்தினேன். அவளுக்கு வேலை நிரந்தரமாயிற்று. அடுத்த கண்டே நவமிக்கு நானும் போயிருந்தேன். அதே படம், புது மாலை. பழையதெல்லாம் மறந்த முகத்தோடு, இந்த முறை நீயே விளக்கேற்றி நிரலைத் தொடங்கிவை அம்மா என்று மேலாளர் அவளை அன்பொழுக அழைத்தார்.

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேண்டாமுங்க சார். நாளைக்கு நின்னுச்சுன்னா என் கைதான்னு சொல்லுவீங்க."

அவர் சிரித்தார். சுற்றி நின்றவர்களில் ஒருவரும் உடன் சிரிக்கவில்லை.