கையெழுத்து அவளுடையது

என் மகள் அமெரிக்காவில் பிறந்தவள். கம்பெனி வேலையாக நாங்கள் அங்கே இருந்தது இரண்டே வருடம், பிறகு துபாய். பதினெட்டு முடிந்ததும், நாங்கள் அங்கே கடைசியாகக் குடியிருந்த ஊரின் தேர்தல் அலுவலகத்தில் அவளே எழுதிப்போட்டுப் பதிந்துகொண்டாள். மின்னஞ்சலில் வாக்குச்சீட்டு வந்தது.

"பிரைமரிப்பா" என்றாள். அதிபர் தேர்தலில் கட்சியின் சார்பாக யார் நிற்பது என்று, மாநிலம் மாநிலமாக மக்களே ஓட்டுப் போட்டுச் சொல்வதாம். எங்கள் ஊரில் வேட்பாளர் பட்டியலை மேலிடம் வெளியிடும், நாம் டிவியில் பார்த்துத் தெரிந்துகொள்வோம். நேரில் போனால்தான் ஓட்டு என்பதால், ஊரை விட்டு வந்த பிறகு நான் அதுவும் போட்டதில்லை. அங்கேயோ அத்தனை பெரிய நாடு, தான் தவழ்ந்த வீடுகூட நினைவில்லாத ஒரு பெண்ணிடம் 'உன் விருப்பம் யார்?' என்று கேட்கிறது.

ஜெபல் அலி துறைமுகத்தில் எனக்கு ஷிப்பிங் டாக்குமெண்ட் வேலை. நாளெல்லாம் படிவம்தான். வீட்டிலும் அப்படியே: மகளின் விசா என் ஸ்பான்சரில் இருப்பதால், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று அவளுடைய எல்லாத் தாளிலும் என் கையெழுத்துத்தான். அன்று அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாக்களித்தாள். அச்சிட்டு எடுத்த சீட்டைக் கவரில் போட்டு ஒட்டினாள். கூட அனுப்பவேண்டிய உறுதிமொழித் தாளை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். பழக்கதோஷம், கை தானாகப் போய் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டது.

திரும்பி வந்து பார்த்தவள் கத்தவில்லை. "அப்பா, இது வோட்டர் சைன் பண்ற இடம். நீங்க பண்ணினா என் ஓட்டே செல்லாது" என்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது. படிவ விஷயத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று பீற்றிக்கொண்டவன் நான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அந்த ஊர் அலுவலகத்துக்கு நடந்ததை அப்படியே எழுதினாள். மறுநாளே ஓர் அம்மாள் பதில் போட்டிருந்தார்: கவலை வேண்டாம், புதுத் தாள் இணைத்திருக்கிறேன், இந்த முறை நீங்களே கையெழுத்திடுங்கள். ஒரே ஓர் ஓட்டுக்காக ஓர் அரசாங்க அலுவலகம் இத்தனை அக்கறையாக எழுதுமா! மூன்று தடவை படித்தேன். அவள் கையெழுத்துப் போடும்போது ஹாலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாருக்குப் போட்டாள் என்று நான் கேட்கவில்லை.

சில வாரங்களில் முழு எண்ணிக்கையும் வெளியானது. லேப்டாப்பில் அந்த ஊரின் பட்டியலைத் திறந்து என்னைக் கூப்பிட்டாள். கடைசியில் இருந்த பெயருக்கு எதிரே, விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய ஓட்டுகள்.

"பாவம், இவரு சுத்தமா தோத்துட்டாரே" என்றேன்.

"ஆமாப்பா" என்று சிரித்தபடி அந்த எண்ணின் மேல் விரலை வைத்தாள். "இதுல ஒண்ணு நான்."