பின்ஸீட்டில் உட்காருகிறவள்

நான் படித்தது நாலாம் கிளாஸ்தான். எழுத்து கோணலாக வரும், நடுவில் மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெண் போனக்காட்டு மலையில் இருக்கிறாள். அவளுக்குப் பிறந்த குழந்தையைப் பார்க்க நான் மலை ஏற வேண்டியிருந்தது. வளைவில் கார் சாய்ந்தால் எனக்கு வாந்தி வரும். அதனால் பிள்ளை கணேசன், சாயாமல் பிடிக்கிற கம்பி ஒன்றைக் காரின் பின்பக்கம் போட்டான். கடையில் இருந்ததிலேயே தடிமனானது.

"ரேஸ் ஓட்டறவா போடறதும்மா. சாயவே சாயாது."

சாயவில்லைதான். ஆனால் எங்கள் வலியசாலைத் தெருவில் ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் மறுபக்கமும் சேர்ந்து உதறியது. என் தலை ஜன்னலில் இடித்தது. நான் தலையைத் தடவிக்கொண்டால், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "சாரமில்லை, பழகிடும்" என்பான்; பரவாயில்லை என்பதை மலையாளத்தில்தான் சொல்லுவான். இதில் மலைக்கு எப்படிப் போவது?

வாய் திறக்காத எனக்கே ஒருநாள் பொறுக்கவில்லை.

"லலிதா ஓட்டட்டும். நீ பின்னால வந்து உக்காருடா."

மாட்டுப்பெண் சாவியை வாங்கிக்கொண்டாள். தெருமுனை தாண்டவில்லை, கணேசன் மண்டையைத் தடவினான்.

"சாரமில்லை, பழகிடும்" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே.

மறுநாளே மெல்லிய கம்பி வந்தது. மலையில் கொஞ்சம் சாய்ந்தது, ஒரு தரம் வாந்தியும் எடுத்தேன். ஆனாலும் போய்ச் சேர்ந்து குழந்தையை மடியில் வாங்கினேன்.

ஆசையாகச் செய்கிறவனிடம் வலிக்கிறது என்று சொல்லத்தான் எனக்கு இத்தனை கஷ்டம்.

புதுக் கம்பியின் முனையில் இரண்டு துளைகள்; நுனித் துளையில் மாட்டினால் மெத்தென்று இருக்கும் என்று கடையில் சொன்னார்கள். நுனியா, உள்பக்கமா என்று எனக்கு இப்போது சந்தேகம். தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துவிடுங்கள்.