சஷ்டி விரதமும் ஓட்டச் சப்பாத்தும்

பத்து வருடம் நோர்வேயில் இருந்துவிட்டு, பிள்ளைகளின் படிப்புக்காக லண்டன் ரெய்னர்ஸ் லேனுக்கு வந்தவள் நான். நோர்வேப் பனியில் சறுக்கிப் பழகிய உடம்பு சும்மா இருக்க விடாது. காலில் மாட்டும் சறுக்குக் கட்டைகளைப் பரணில் போட்டுவிட்டு, ஓட்டச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பார்க்கில் ஓடத் தொடங்கினேன். நாற்பது வயதில் நீரிழிவு வந்தபோதும் ஓட்டத்தை விடவில்லை.

அந்த வருடம் கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் இரவு மட்டும்தான் சாப்பாடு. நாலாம் நாள் காலை, வெறும் வயிற்றில் வழக்கமான நீரிழிவுக் குளிசையைப் போட்டுக்கொண்டு ஓடினேன். இரண்டாவது சுற்றில் கை நடுங்கியது. வியர்த்துக் கொட்டியது. மரங்கள் மங்கலாகின. கூட ஓடிவந்த பக்கத்து வீட்டு மலர் என்னைப் பிடித்து, பாதையோர மர வாங்கில் இருத்தி, தன் ஜூஸ் பெட்டியை நீட்டினாள்.

"விரதமடி, குடிக்க ஏலாது."

"நீங்கள் விழுந்தால் முருகனே வந்து அம்புலன்சுக்குப் போன் அடிக்கப்போறார்? குடியுங்கோ அக்கா!"

குடித்தேன். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. வெறும் வயிற்றில் குளிசையும் போட்டு ஓடினால் சீனி இறங்கிவிடும் என்று டொக்டரிடமும் நன்றாக ஏச்சு வாங்கினேன்.

இப்போது விரதத்துக்கு முன்பே அவரிடம் கேட்டுத்தான் எதையும் செய்கிறேன். சஷ்டி நாட்களில் ஓடுவதில்லை; கோயிலுக்கு மெல்ல நடக்கிறேன்.

அந்தச் சஷ்டி முடிந்து வந்த பெப்ரவரியில் பஸ்கூட ஓடாத அளவுக்குப் பனி கொட்டியது. பரணிலிருந்து கட்டைகளை இறக்கினேன். பார்க்கில் நான் சறுக்கிக்கொண்டு போக, மலர் மூச்சிரைக்கப் பின்னால் ஓடிவந்தாள்.

"அக்கா, ஜூஸ் இருக்கோ?"

ஜாக்கெட் பையைத் தட்டிக் காட்டினேன். இரண்டு பெட்டி இருந்தது. ஒன்று அவளுக்கு.