மெட்டால் ஒத்துக்கொள்ளாத கை

கறுப்பு வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயே கழுவிப் பார்க்கும் ஆசை எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது. ஊரே ஃபோனில் படம் எடுத்துக்கொண்டிருந்த காலம். நான் ஒரு பழைய கேமராவை வாங்கிவைத்துக்கொண்டு, திருக்கோகர்ணத்து வாடகை வீட்டுக் குளியலறையில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தேன். மெட்டால், ஹைட்ரோகுயினோன், சல்பைட், கொஞ்சம் வெங்காரம். வெந்நீரில் வரிசை தப்பாமல் கரைத்து ஆறவைத்தால் ஃபிலிமில் படத்தைத் துலங்கவைக்கும் டெவலப்பர் தயார். ரெடிமேட் பாக்கெட் கிடைக்கும்தான். ஆனால் பழைய முறையில் நானே கலக்கியதில் படம் துலங்கி வந்தபோது கிடைத்த சந்தோஷம் அதில் இல்லை.

சில மாதங்களில் விரல் இடுக்குகள் சிவந்து அரித்தன. பிறகு தோல் வெடித்தது. சோறு பிசைந்தால் எரியும். கையுறை போட்டும் நிற்கவில்லை. தோல் டாக்டர் விசாரித்துவிட்டு, "மெட்டால் ஒங்களுக்கு ஒத்துக்கல. தொடத் தொட ஜாஸ்திதான் ஆகும். விட்டுருங்க" என்றார்.

என் மனைவி நர்ஸ். அன்று இரவு களிம்பு தடவிவிட்டபடியே சொன்னாள்: "நீங்க அங்கிட்டு நில்லுங்க. மருந்த நான் ஊத்துறேன். எப்ப ஊத்தணும், எப்ப கொட்டணும்னு மட்டும் சொல்லுங்க."

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை மாலைகள் அப்படித்தான் போயின. இருட்டில் ஃபிலிமைச் சுருளில் ஏற்றி வெளிச்சம் புகாத டப்பாவுக்குள் மூடுவது என் வேலை. விளக்கைப் போட்டதும் அவள் கையுறையுடன் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காருவாள். வெயில் காலத்தில் குழாய்த் தண்ணீரே சுடும் என்பதால் மருந்துப் பாட்டிலை ஐஸ் போட்ட பேசினில் வைத்திருப்போம். நான் வாசலில் நின்று "ஆட்டு", "போதும்", "கொட்டு" என்பேன். இடையில் இருக்கும் நிமிடங்களில்தான் அவள் பேசுவாள். வார்டில் யார் பிழைத்தார்கள், யார் பிழைக்கவில்லை, தனக்கு ஏன் சில நாள் வீட்டுக்கு வரவே பிடிக்கவில்லை என்பதெல்லாம். மற்ற நேரத்தில் அவள் இதையெல்லாம் சொன்னதில்லை.

கழுவி முடித்த ஃபிலிமை டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்து எக்ஸ்ரே பார்ப்பதுபோலப் பார்ப்பாள். எனக்குக் கறுத்த முகமும் வெளுத்த முடியும்தான் தெரியும். அவளோ, "சித்தன்னவாசல் பாறையில ஒக்காந்திருந்தாங்களே அந்தம்மா, கண்ண மூடிட்டாங்க பாருங்க" என்பாள். பிரிண்ட் போட்டுப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

மெட்டாலுக்குப் பதில் ஃபெனிடோன் போடலாம், அது பெரும்பாலும் கையை ஒன்றும் செய்யாது என்று அந்த நாட்களிலேயே படித்துவிட்டேன். ஆர்டர் போடவில்லை. போட்டால் அவள் அந்த ஸ்டூலில் உட்கார வேண்டியிருக்காது. அவளிடம் சொல்லவும் இல்லை.

பிறகு அவளுக்குக் குவைத்தில் வேலை கிடைத்தது. போனாள். அவள் போன பிறகுதான் ஃபெனிடோன் வாங்கினேன். ஸ்டூலில் நானே உட்கார்ந்து ஊற்றினேன், ஆட்டினேன், கொட்டினேன். கைக்கு ஒன்றும் ஆகவில்லை. படங்களும் தெளிவாகவே வந்தன. அவளுக்கு அனுப்பினேன். டியூட்டி முடிந்து கூப்பிட்டாள்.

"கை எப்புடி இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. இது வேற மருந்து. கைக்கு ஒண்ணும் பண்ணாது."

"இப்புடி ஒண்ணு இருக்கா? முன்னாடியே வாங்கியிருக்கலாம்லங்க? ஞாயித்துக்கெழமையாச்சும் கொஞ்சம் தூங்கியிருப்பேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். வேண்டுமென்றேதான் வாங்கவில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அவளுக்கும் அந்த மாலைகள் பிடித்திருந்தன என்றே அதுவரை நம்பியிருந்தேன். பிடித்திருந்ததா, எனக்காகப் பொறுத்துக்கொண்டாளா என்று இன்றுவரை கேட்டதில்லை.

போன வருடம் லீவில் வந்தாள். அவளையே ஒரு ரோல் முழுக்க எடுத்தேன். மாடியில் துணி காயப்போடும்போது, ஆவூரில் அவளுடன் படித்த சிநேகிதி வீட்டு வாசலில், டவுன் பஸ்ஸுக்கு நிற்கும்போது. கழுவலாமா என்று கேட்டேன்.

"இன்னைக்கு ஒடம்பு முடியலங்க. நாளைக்குப் பாப்போம்."

மறுநாள் சொந்தக்காரர்கள் வந்தார்கள். அதற்கடுத்த நாள் பேங்க். பெட்டி கட்டும்போது அவளே ஞாபகப்படுத்தினாள்: "அந்த ஃபிலிம கழுவலயே?"

"பரவால்ல, நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

அடுத்த ஞாயிறு நானே கழுவினேன். நன்றாகத்தான் வந்திருந்தது. அவளுக்கு அனுப்பவில்லை. அவளும் கேட்கவில்லை.