கொடிகலக் கோட்டைக்கு வழிகாட்டியவன்

நாகலெட்சுமி தன் புருஷனுக்குக் காரியம் செய்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. டிக்கோயாவுக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்தில் அவள் பிள்ளைக்காம்பரா ஆயா. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது விட்டுச்செல்லும் கைக்குழந்தைகளுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்து, தொட்டிலாட்டித் தூங்கவைப்பது அவள் வேலை. தோட்டத்தை விட்டு அவள் எங்கும் போவதில்லை. போக வேண்டிய அலைச்சலையெல்லாம் முன்னமே அலைந்து முடித்திருந்தாள்.

புருஷன் பொன்னையா கவ்வாத்துக்காரன். தேயிலைச் செடியின் தலையை அளவாக வெட்டிவிடுவதில் அந்த டிவிஷனில் அவனை மிஞ்ச ஆளில்லை. தொண்ணூற்றாறில் கொழும்புக்குச் சாப்பாட்டுக் கடை வேலைக்குப் போனான். எட்டு மாதம் கடிதம் வந்தது, பிறகு நின்றது. ஆமிக்காரர்கள் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று கூட வேலை செய்த ஒருவன் சொல்லியனுப்பினான். நாகலெட்சுமி பொலிசுக்குப் போனாள், செஞ்சிலுவைக்குப் போனாள், கல்யாணப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மறியல் சிறைகளின் வாசல்களில் நின்றாள். யாருமே அவனைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. நான்காம் வருஷம் மாமியார் காளியாயியே வந்து, போனவன் போய்விட்டான், இனி அவன் ஆத்மாவாவது அலையாமல் இருக்கட்டும் என்றாள். காரியம் செய்தார்கள். காணாமல் போனவர்களுக்கென்று கொடுக்கும் மரணச் சான்றிதழையும் வாங்கியாயிற்று.

2003 ஆகஸ்டில்தான் ஊர்மிளா டீச்சர் அவளுடைய லயத்து வீட்டுக்கு வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து டிக்கோயாவில் சரித்திரம் படிப்பித்துக்கொண்டிருந்தவர். சண்டை நின்று பாதை திறந்திருந்த நேரம். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேரைக் கொடிகலக் கோட்டைக்கு நடத்திக் கூட்டிப்போகப் போவதாகச் சொன்னார். கண்டி ராஜாக்கள் காலத்துக் காவல் கோட்டை. தோட்டங்களையும் காட்டையும் தாண்ட இரண்டு நாள், மூன்றாம் நாள் மலையேறி மறுபக்கம் இறங்கினால் பஸ் ரோடு. சமையலுக்கும் பெண்பிள்ளைகளின் துணைக்கும் ஓர் ஆள் வேண்டும். நாகலெட்சுமியின் ஒரே மகள் சர்மிளாவும் அந்த வகுப்பில்தான் படித்தாள். மகளுக்காகவே அவள் சரியென்றாள்.

முதல் நாள் தேயிலைக்குள்ளேயே கழிந்தது. இரண்டாம் நாள் காடு. காலில் சவர்க்காரம் பூசியும் அட்டை விடவில்லை. மழையில் வழுக்கி வழுக்கி இறங்கி, பொழுது சாய்வதற்குள் ஒரு சிங்களக் கிராமத்துக்கு வந்து, அங்கிருந்த பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். மேலே போகும் பாதை புதர் மண்டிக் கிடப்பதாகவும், காலையில் வழிகாட்ட ஒரு ஆளை அனுப்புவதாகவும் அந்தப் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார் சொன்னார். அந்த ஆளுக்குச் சோமதாச என்று பேர், மலையின் மறுபக்கத்தில் வீடு, நல்ல மனுஷன்.

காலையில் பிள்ளைகள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஆள் வந்தான். மடித்துக்கட்டிய சாரம், நரைத்த தாடி, கையில் கத்தி. யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டான். நாகலெட்சுமி சட்டிபானைகளைச் சாக்கில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு கடைசியாக வந்தாள்.

ஒரு மைல் போனதும் மானாப்புல்லும் முள்ளும் வழியை மறித்தன. அவன் வெட்டினான். இடது கை கொப்பை ஒதுக்கிப் பிடிக்க, வலது கை கீழிருந்து மேலாகச் சாய்த்து ஒரே இழுப்பு. இரண்டாம் வெட்டு விழவேயில்லை. கவ்வாத்து மலையில் நின்ற ஆளைத் தவிர வேறு யாரும் அப்படி வெட்டமாட்டார்கள். எங்கேயோ தோட்டத்தில் வேலை செய்திருப்பான் போல என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு ஒரு ஓடை வந்தது. வழுக்குப் பாறையில் தடுமாறிய ஒரு பிள்ளைக்குக் கைகொடுக்க அவன் திரும்பியபோது இடது காது தெரிந்தது. முள் கிழித்து இரண்டாகப் பிளந்து ஆறிய காது. அந்தக் காயத்துக்கு மஞ்சள் வைத்துக் கட்டியதே அவள்தான்.

சாக்கு தலையிலிருந்து நழுவி, சட்டிகள் பாறையில் உருண்டன. பிள்ளைகள் ஓடிவந்து பொறுக்கினார்கள். அட்டை கடித்துவிட்டதா என்று டீச்சர் கேட்டார். ஆமாம் என்றாள். அவன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். தாடிக்கு மேலேயிருந்த முகம் வெளுத்துப்போனது. உடனே திரும்பி, முன்னைவிட வேகமாக வெட்ட ஆரம்பித்தான்.

அதற்குப் பிறகு மலை ஏறியது அவளுடைய கால்கள்தான், அவளில்லை. இந்தக் கையால் எள்ளும் தண்ணியும் இறைத்தோமே என்ற ஒன்றுதான் திரும்பத் திரும்ப வந்தது. முன்னால் சர்மிளா அவன் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தாள். ஊர்மிளா டீச்சருக்குச் சிங்களம் வராது, சர்மிளாவுக்கு நன்றாக வரும். அதனால் டீச்சரின் கேள்விகளை அவள்தான் கேட்டாள். மாமே, இந்தப் படியை யார் வெட்டினது? மாமே, மேலே தண்ணி இருக்கா? பெற்ற மகள் மாமா என்று கூப்பிட, அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டே சிங்களத்தில் பதில் சொன்னான்.

கோட்டை என்று அங்கே மிஞ்சியிருந்தது இடிந்த கல் மதிலும், பாறையில் செதுக்கிய படிகளும், காவல்காரர் நின்ற இரண்டு மேடைகளும்தான். பிள்ளைகள் டேப்பை இழுத்து அளக்கத் தொடங்கினார்கள். அவன் தண்ணீர் கொண்டுவரக் கேனை எடுத்துக்கொண்டு மதிலுக்குக் கீழேயிருந்த ஊற்றுக்கு இறங்கினான். நாகலெட்சுமியும் ஒரு பானையை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

"என்னாங்க" என்று கூப்பிட்டாள். அவனை அவள் வேறெப்படியும் கூப்பிட்டதில்லை.

அவன் திரும்பவில்லை. "சத்தம் போடாத, நாகு" என்றான்.

ஏழு வருஷத்துக்குப் பிறகு அவன் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

கேன் நிரம்பி வழிந்துகொண்டிருக்க, அவன் சொன்னான். பிடித்துப்போய் நாலு மாதம் வைத்து அடித்தார்கள். விட்டபோது அடையாள அட்டையைக் கொடுக்கவில்லை. அட்டையில்லாமல் எந்தச் சோதனைத் தடையைத் தாண்டி ஊருக்கு வருவது? கடையில் கூட வேலை செய்த ஒரு சிங்களவன் தன் ஊருக்குக் கூட்டிவந்து காப்பாற்றினான். ஒரு வருஷம் படுத்த படுக்கை. பார்த்துக்கொண்டது அவனுடைய தங்கச்சி குசுமா. இப்போது அவளோடுதான் குடும்பம், நாலு வயதில் ஒரு பிள்ளை. தான் தமிழன் என்று அந்த அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும், அவனும் இப்போது உயிரோடு இல்லை.

"ஒரு கடுதாசி போட்டிருக்கலாம்ல?"

"போடணும்னுதான் இருந்தேன். மொத வருசம் பயம். அப்பறம் வெக்கம். அப்பறம் போடாமலே பழகிப்போச்சு."

"நான் உங்களுக்குக் காரியம் பண்ணிட்டேங்க. செத்துட்டீங்கன்னு சர்டிபிகேட்டும் வாங்கிட்டேன்."

அவன் முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தான். "நல்லதாப் போச்சு" என்றான்.

குத்தலாக அல்ல, கோபத்திலும் அல்ல. பெரிய சுமையை இறக்கி வைத்தவன் போலச் சொன்னான். அவன் உயிரோடு நிற்பதைக் கண்டதைவிட அந்த நிம்மதிதான் நாகலெட்சுமியைச் சுட்டது. மறியல் வாசல்களில் அவள் நின்ற நாட்களில், அவன் இந்த ஊற்றில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்திருக்கிறான். பிள்ளையிடம் சொல்லிவிடாதே என்று அவன் கெஞ்சியது தூரத்தில் யாரோ பேசுவது போலக் கேட்டது. பானையை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு, மேலே ஏறினாள். பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போட்டாள். உப்புப் போட மறந்திருந்தாள்.

இறங்கும் வழி அவன் வீட்டு வாசலைத் தொட்டுக்கொண்டு போனது. குசுமா எல்லோரையும் உட்காரவைத்து, அவித்த பலாச்சுளையும் தேங்காய்ப்பூவும் கொடுத்தாள். சிரித்த முகம். நாகலெட்சுமிக்கு மட்டும் தனியாக இலையில் வைத்து, "அக்கே, கன்ன" என்று கையில் கொடுத்தாள். அக்கா, சாப்பிடு. குசுமாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைக்கு சர்மிளாவின் நெற்றி. நாகலெட்சுமி இலையை வாங்கித் தின்று முடித்தாள். எப்படி விழுங்கினாள் என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

பஸ்ஸில் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். மறுநாள் அவள் வேலைக்குப் போனாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீயை அணைத்ததைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் பொறுக்கமாட்டாமல், பாடம் படித்துக்கொண்டிருந்த மகளிடம் போய் உட்கார்ந்தாள். அந்த ஆள் யார் தெரியுமா என்று ஆரம்பிப்பதற்குள் சர்மிளா புத்தகத்தை மூடிவிட்டாள்.

"தெரியும்மா. ஓடையில கை குடுக்கையில பாத்தேன். மேல ஏறயில, உங்களுக்குத் தமிழ் தெரியுமான்னு தமிழ்லயே கேட்டேன்."

"என்னா சொன்னாரு?"

"தெரியாதுன்னு சிங்களத்துல சொன்னாரு. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம வாயை மூடிக்கிட்டு வந்தேன்."

ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில், ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி மறைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

யாரிடமும் சொல்வதில்லை என்றுதான் இருந்தார்கள். ஆனால் ஐப்பசி பிறந்ததும், கந்தப்பளையிலிருந்த காளியாயி வழக்கம்போல மகனுக்குத் திவசம் வைக்க ஆளனுப்பினாள். உயிரோடு இருப்பவனுக்குப் படையல் போட நாகலெட்சுமியால் முடியவில்லை. பஸ் ஏறிப் போய்ச் சொல்லிவிட்டாள். காளியாயி முதலில் நம்பவில்லை. நம்பியபிறகு, பெத்தவள் கையாலேயே உசுருள்ள மகனுக்குப் பிண்டம் வைக்கவிட்டாயே என்று மருமகளைத் திட்டினாள். காரியம் பண்ணச் சொன்னதே அவள்தான் என்பதை நாகலெட்சுமி ஞாபகப்படுத்தவில்லை. கடைசியில், ஒருதரம் அவனைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று கிழவி ஒரே பிடியாய் நின்றாள்.

மார்கழி விடுமுறையில் சர்மிளா கூட்டிப்போனாள். நாகலெட்சுமி போகவில்லை. மறுநாள் பின்னேரம் இருவரும் திரும்பி வந்தார்கள். காளியாயி காலை நீட்டி உட்கார்ந்து, தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். பிறகு, யாரைப் பற்றியோ சொல்வது போலச் சொன்னாள்.

"சோறு போட்டான். பக்கத்துல உக்காந்து மீன் முள்ளெல்லாம் எடுத்துக் குடுத்தான். என்னைய யாருன்னு அந்தக் குசுமா கேட்டதுக்கு, முன்ன வேல செஞ்ச எடத்துல தெரிஞ்ச கெழவின்னு சொன்னான். இந்தப் புள்ளைய அந்தக் கெழவியோட பேத்தின்னான்."

சர்மிளா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கோட்டையிலிருந்து இறங்கிய நாள் முதல் நாகலெட்சுமிக்கு வராமலிருந்த அழுகை அப்போதுதான் வந்தது.